போர் முடிந்தும் திரும்பாத கைதிகள்: ஒரு அரசு எதுவரை போக வேண்டும்?

இளவழகன் (கேள்வி)

1971 போரைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதில் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது படையினர், சிவிலியன்கள் என்று ஏறத்தாழ 93,000 பேர் இந்தியாவின் பிடியில் இருந்தார்கள். 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம், 1973 ஆகஸ்டில் டெல்லி ஒப்பந்தம், அதன்பின் அவர்கள் எல்லாரும் படிப்படியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் இந்திய அரசே பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நம்பிப் பட்டியல் போட்டிருக்கும் 54 படையினர் இன்றுவரை வரவில்லை. எங்களிடம் அப்படி யாருமே இல்லை என்கிறது பாகிஸ்தான். 1983-லும் 2007-லும் உறவினர்கள் அந்த நாட்டுச் சிறைகளுக்கே போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

93,000 பேரைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஆட்களை மீட்காமல் விட்டார்களே என்றுதான் முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், சில பத்துப் பேருக்காக 93,000 பேரைப் பூட்டி வைப்பது மட்டும் எப்படி நியாயமாகும்? அவர்களுக்கும் வீட்டில் தாய், மனைவி, பிள்ளைகள் இருந்திருப்பார்களே.

எந்தக் கட்சி செய்தது சரி, எந்தத் தலைவர் தப்பு என்ற சண்டை வேண்டாம். பொதுவாகக் கேட்கிறேன். போர் முடிந்துவிட்டது, எதிரி "யாரும் இல்லை" என்கிறான், நமக்கோ சந்தேகம் இருக்கிறது, உறுதியான ஆதாரம் இல்லை. அந்த நிலையில் ஒரு அரசு எதுவரை போகலாம்? பணம் கொடுக்கலாமா? சமாதானத்தையே நிறுத்தி வைக்கலாமா? ஃபைலை மூட அதற்கு எப்போதாவது உரிமை உண்டா?

கதிரவன்

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், 118-ஆம் பிரிவு: சண்டை ஓய்ந்தவுடன் தாமதிக்காமல் கைதிகளை விடுவித்து ஊருக்கு அனுப்ப வேண்டும். அவன் அனுப்பினால்தான் நானும் அனுப்புவேன் என்கிற பேச்சுக்கு அதில் இடமே இல்லை. கைதிகளைப் பேரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

நடந்தது வேறு. மேற்கு முனையில் பிடிபட்டவர்களை இரு நாடுகளும் 1972 டிசம்பரில் பரிமாறிக்கொண்டன. கிழக்கில் சரணடைந்த பெருங்கூட்டத்தை மட்டும் இந்தியா அதற்குப் பிறகும் வைத்திருந்தது. சரணடைந்தது இந்திய–வங்கதேசக் கூட்டுத் தலைமையிடம், ஆகவே வங்கதேசத்தின் சம்மதம் இல்லாமல் விட முடியாது என்று காரணம் சொன்னார்கள். வங்கதேசத்தைப் பாகிஸ்தான் அங்கீகரிக்கவே இல்லை என்பதால் பேச்சு அதற்கு மேல் நகரவில்லை. அந்தக் கைதிகளில் 195 பேரைப் போர்க்குற்றங்களுக்காக விசாரிக்க வேண்டும் என்று டாக்கா நின்றது. பாகிஸ்தானில் சிக்கிக்கொண்ட வங்காளிகளில் ஒரு பகுதியினர் மீது நாங்களும் வழக்குப் போடுவோம் என்று மறுபக்கம் மிரட்டினார்கள். கடைசியில் 1974 ஏப்ரலில் மூன்று நாடுகளும் கையெழுத்துப் போட்டு அந்த 195 பேரும் விசாரணையே இல்லாமல் வீடு போனார்கள். சிக்கிக்கொண்டவர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காகக் கொல்லப்பட்டவர்களுக்கான நீதியை விட்டுக்கொடுத்தார்கள். அதைத் தவறு என்று என்னால் ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை, ஆனால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்பது மட்டும் உறுத்துகிறது.

54 பேர் விஷயத்தில் காலக்கணக்கையும் பாருங்கள். பெயர்ப் பட்டியல் ஒன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதே 1979-ல்தான், அப்போது 40 பெயர்கள். வானொலியில் கேட்ட பெயர், சிறையிலிருந்து வந்த கடிதம், விடுதலையாகி வந்தவர் சொன்ன தகவல் என்று துண்டு துண்டாகச் சேர்ந்துதான் பட்டியல் வளர்ந்தது. அதற்குள் 93,000 பேரும் போய்ப் பல வருடமாகிவிட்டது. கைதிகள் விஷயத்தில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்: அழுத்தம் கொடுக்க வழி இருக்கும் நேரத்தில் தகவல் இருக்காது, தகவல் வந்து சேரும்போது வழி இருக்காது. அதனால் பேரம் பேசியிருக்க வேண்டும் என்பதைவிட, ஒவ்வொரு பெயராகக் கணக்குக் கேட்கும் வேலையை முதல் வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

தேன்மொழி

கதிரவன் சொல்லும் அந்த 118-ஆம் பிரிவிலேயே ஒரு பெரிய ஓட்டை உண்டு. கைதிக்கு வீடு போக விருப்பம் இல்லாவிட்டால் என்ன செய்வது?

1945 பிப்ரவரியில் யால்டாவில் போட்ட உடன்பாட்டின்படி, ஜெர்மானியரிடம் சிக்கியிருந்த சோவியத் குடிமக்களைப் பிரிட்டனும் அமெரிக்காவும் திருப்பி அனுப்பின. வரமாட்டோம் என்று கதறியவர்களையும் அனுப்பினார்கள். ஆஸ்திரியாவில் லியன்ஸ் என்ற இடத்தில், ஜெர்மனி பக்கம் நின்று போரிட்ட கோசாக்குகள் என்ற ரஷ்யக் குதிரைவீரர் கூட்டத்தைக் குடும்பத்தோடு பிரிட்டிஷ் படையினர் அடித்து வண்டியில் ஏற்றினார்கள். போனால் சிறை, முகாம், சிலருக்கு மரணம் என்று அனுப்பியவர்களுக்குத் தெரியும். ஏன் செய்தார்கள்? போலந்துப் பக்கம் ஜெர்மன் முகாம்களில் இருந்த பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகள் சோவியத் செஞ்சேனையின் கைக்கு வந்திருந்தார்கள், அவர்களை ஸ்டாலின் தாமதிக்காமல் அனுப்ப வேண்டுமே என்ற பயம். தன் பிள்ளைகள் வீடு வர வேண்டும் என்பதற்காக அடுத்தவர் பிள்ளைகளைச் சாவுக்கு அனுப்பியது. இளவழகன் கேட்ட கேள்விக்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த நினைவு இருந்ததால்தான் கொரியப் போரில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் நேரெதிராக நின்றார், விருப்பமில்லாத யாரையும் அனுப்ப மாட்டோம் என்று. நல்ல முடிவாகத்தான் தெரிகிறது, இல்லையா? ஆனால் போர்நிறுத்தப் பேச்சு ஓராண்டுக்கும் மேல் இந்த ஒரே விஷயத்தில் முடங்கிக் கிடந்தது, அத்தனை நாளும் சண்டை ஓயவில்லை, பல்லாயிரம் பேர் செத்தார்கள், வடக்கே முகாம்களில் இருந்த அமெரிக்காவின் சொந்தக் கைதிகளும் அந்தக் காலம் முழுக்கக் காத்துக் கிடந்தார்கள். போதாக்குறைக்குத் தெற்கே கைதி முகாம்களில் "விருப்பம்" என்பதே அடி உதைக்கு நடுவில் கேட்கப்பட்டது. திரும்பிப் போக முடியாதபடி கம்யூனிச எதிர்ப்பு வாசகங்களை உடம்பில் பச்சை குத்திவிட்டதும் நடந்தது. கடைசியில் 22,000-க்கும் மேற்பட்டவர்களின் விருப்பத்தைக் கேட்டறியும் பொறுப்பு, இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைமையிலான நடுநிலை நாடுகளின் குழுவிடம் வந்தது. எங்கேயும் போக விரும்பாத 80-க்கும் மேற்பட்டவர்கள் அவர்களைக் காவல் காத்த இந்தியப் படையோடு இந்தியாவுக்கே கப்பலேறி வந்தார்கள்.

இத்தனை பேச்சுக்கும் நடுவே தென்கொரியாவின் சொந்த வீரர்களை வடக்கில் மறந்துவிட்டார்கள். 80,000-க்கும் மேல் காணவில்லை என்று கணக்கு, திரும்பி வந்தது ஏறத்தாழ 8,300 பேர். மிச்சமிருந்தவர்களில் பலரை நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். 1994-ல் சோ சாங்-ஹோ என்ற அதிகாரி 43 ஆண்டுகளுக்குப் பிறகு தப்பி வந்து சேர்ந்தார். அரசின் பதிவில் அவர் போரில் இறந்துபோனவர். அவருக்குப் பின்னால் 80 பேர் அளவுக்குத் தப்பி வந்தார்கள், கிட்டத்தட்ட எல்லாருமே கிழவர்களாக. 2000-ல் இரு கொரியாக்களும் நெருங்கியபோது தெற்கு தன்னிடம் நீண்டகாலம் சிறையிருந்த 63 வடகொரிய ஆதரவாளர்களை அனுப்பிவைத்தது, பதிலுக்கு ஒரு போர்க்கைதியைக்கூட வாங்கவில்லை. சமாதானத்துக்காகச் செய்தோம் என்றார்கள். அந்த 63 பேரை அனுப்பியது மனிதாபிமானம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சுரங்கத்தில் இருந்தவர்களின் பெயரைக்கூட மேசையில் அழுத்திச் சொல்லத் தயங்கியதை என்னால் ஏற்கவே முடியாது.

அருள்

இருவரும் எழுதியதைப் படித்தேன், ஆனால் அரசின் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லையே. அழுத்திக் கேட்டால் கிடைத்துவிடும் என்று எப்படி நம்புகிறீர்கள்? சத்தம் போட்டுக் கேட்கும்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று கைதியின் விலை ஏறும். இல்லாவிட்டால், இத்தனை வருடம் இல்லை என்று சொன்ன அரசு தன் பொய்யை மறைக்க அந்தக் கைதியையே இல்லாமல் ஆக்கிவிடும். இரண்டாவதை நினைத்தாவது கொஞ்சம் அமைதியாகப் பேசுவதற்கு அரசுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

விலை கொடுத்து மீட்டதற்கும் உதாரணம் இருக்கிறது. 1955 செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் அடெனாவர் மாஸ்கோ போனார். போர் முடிந்து பத்து வருடம், இன்னும் 10,000 பேர் அளவுக்கு சோவியத் முகாம்களில். அவர்கள் போர்க்கைதிகளே இல்லை, தண்டிக்கப்பட்ட குற்றவாளிகள் என்றார்கள் சோவியத் தலைவர்கள். தூதரக உறவை ஏற்படுத்த ஒப்புக்கொண்டு அடெனாவர் அவர்களை மீட்டார். கிழக்கு ஜெர்மனியை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமே என்று அவர் கூடப் போனவர்களே பயந்தார்கள். வந்தவர்களில் உண்மையாகவே கொடுமை செய்தவர்களும் இருந்தார்கள், அப்பாவிகளும் இருந்தார்கள், இருவரும் ஒரே ரயிலில் வந்து இறங்கினார்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் பிரித்துப் பார்த்திருப்பீர்களா? நான் அடெனாவர் செய்ததையேதான் செய்திருப்பேன்.

ஆனால் எல்லா இடத்திலும் இது நடக்காது. வியட்நாமை எடுங்கள். 1973-ல் பாரிஸ் உடன்பாட்டுக்குப் பிறகு 591 அமெரிக்கர்கள் திரும்பினார்கள். மறுசீரமைப்புக்கு 325 கோடி டாலர் அளவுக்கு உதவி என்று அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் வட வியட்நாம் அரசுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதியிருந்தார், அந்தப் பணம் போகவே இல்லை. பணம் வராததால் சிலரை வைத்துக்கொண்டார்கள் என்ற சந்தேகம் அதிலிருந்து கிளம்பி இருபது வருடம் ஓடியது. அந்த இருபது வருடமும் பல குடும்பங்களுக்கு நரகம். போலிப் புகைப்படங்கள் வந்தன. 1991-ல் பெரிதாக அடிபட்ட ஒரு படம் பழைய சோவியத் பத்திரிகையிலிருந்து எடுத்துத் திருத்தியது என்று பின்னால் தெரிந்தது. நம்பிக்கையை விற்றுப் பணம் பார்த்தவர்களும் இருந்தார்கள். கடைசியில் ஜான் கெர்ரி தலைமையிலான செனட் குழு 1993 ஜனவரியில், யாரும் இன்னும் உயிரோடு பிடியில் இருப்பதற்கு வலுவான சான்று இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அதன் பிறகுதான் 1994-ல் வர்த்தகத் தடை நீங்கியது, 1995-ல் தூதரக உறவு வந்தது. அந்தக் கதவு திறந்ததால் எலும்புகளைத் தேடும் குழுக்கள் வியட்நாமின் கிராமங்களில் இன்னும் விரிவாக வேலை செய்ய முடிந்தது. ஒரு கட்டத்தில் சான்று இல்லை என்று சொல்லி மேலே போகும் தைரியம் அரசுக்கு வேண்டும். போனவனை நினைத்து இருக்கிறவர்களின் வாழ்வை நிறுத்தி வைக்க முடியாது.

சுடர்விழி

அருள் அண்ணா, ஒரு பாதி உங்களோடு ஒத்துப்போகிறேன். அமைதியாகப் பேசுவது சரி, விலை கொடுப்பதும் சில நேரம் சரி. ஆனால் "சான்று இல்லை" என்பதும் "இறந்துவிட்டார்கள்" என்பதும் வேறு வேறு. முதலாவது ஒரு அரசு தனக்குத் தெரிந்ததைச் சொல்வது. இரண்டாவதைத் தெரியாமல் சொன்னால் தவறு, தெரிந்தே சொன்னால் அதைவிடப் பெரிய குற்றம் இந்த விஷயத்தில் இருப்பதாக எனக்குப் படவில்லை.

தெரிந்தே சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு உங்கள் வியட்நாமிலேயே உதாரணம் இருக்கிறது. 1961-லிருந்து தென் வியட்நாம் கமாண்டோக்களை அமெரிக்கா வடக்கே ரகசியமாக இறக்கியது. நூற்றுக்கணக்கில் போனார்கள், அநேகமாக எல்லாருமே பிடிபட்டார்கள் அல்லது இறந்தார்கள். பலர் உயிரோடு சிறையில் இருப்பது தெரிந்திருந்தும் அவர்களை இறந்தவர்கள் என்று எழுதிச் சம்பளப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், குடும்பத்துக்கு ஒரு சிறு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். பாரிஸில் கைதிகள் பட்டியல் போட்டபோது அவர்களுக்காகக் கேட்க யாருமில்லை, ஏனென்றால் ஏட்டில் அவர்கள் செத்துவிட்டார்கள். இருபது வருடம் அளவுக்குச் சிறையில் கிடந்தவர்கள் உண்டு. ரகசிய ஆவணங்கள் வெளிவந்து, வழக்குத் தொடுத்து, 1996-ல் தலா 40,000 டாலர் கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் வழி செய்தது. இதில் தர்மசங்கடம் எங்கே இருக்கிறது? எதிரி மறுக்கவில்லை, ஆதாரம் இல்லாமலும் இல்லை. ஒரு ரகசியத்தைக் காப்பாற்றவும் சம்பளக் கணக்கை மூடவும் செய்த வேலை அது. அரசுகள் தர்மசங்கடம் என்று சொல்லும்போது நான் முதலில் கேட்பது இதுதான்: உங்களுக்கு எவ்வளவு தெரியும், அதில் எவ்வளவைக் குடும்பத்திடம் சொன்னீர்கள்?

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைப் பேசாமல் இந்த இழையை விட முடியாது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்கள், சரணடைந்தவர்கள் பலருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை பதில் இல்லை. இங்கே எதிரி நாடு, தன் நாடு என்ற வேறுபாடுகூடக் கிடையாது, பதில் சொல்ல வேண்டிய அரசும் பிடித்து வைத்த அரசும் ஒன்றே. கணவனைத் தன் கையால் ஒப்படைத்த பெண்கள் சாட்சியாக நிற்கிறார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது, பதில் கிடைக்காமலே பல பெற்றோர் இறந்துபோனார்கள். காணாமல் போனோர் அலுவலகத்துக்கு 2016-ல் சட்டம் வந்தது. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக "காணவில்லை" என்று சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. அது நல்ல ஏற்பாடுதான், சொத்து, வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் ஒரு தாள் வேண்டும், அதற்காக மகன் செத்துவிட்டான் என்று ஒரு தாய் கையெழுத்துப் போடத் தேவையில்லை. ஆனால் 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். எப்போது, எங்கே, யாரால் என்ற மூன்றுக்கும் பதில் இல்லை. இறந்தார்கள் என்று ஒரு அரசுக்கு உறுதியாகத் தெரியும் என்றால் எப்படி இறந்தார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? இதைத்தான் நான் ஃபைலை மூடுவது என்கிறேன்.

இளவழகன்

எல்லாருக்கும் நன்றி. சுடர்விழி அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒரு சந்தேகம் மட்டும். உண்மையைச் சொல்லுங்கள் என்று ஒரு அரசைக் கேட்கிறோம். சொன்னால் நாளைக்கே கொலை வழக்கு வரும் என்றால் எந்த அதிகாரி வாயைத் திறப்பான்? உண்மை கிடைப்பதற்காகத் தண்டனையை விட்டுக்கொடுக்கலாமா? 1974-ல் 195 பேருக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதானே?

கதிரவன்

கிட்டத்தட்ட என்று சொல்ல முடியாது. 1974-ல் தண்டனையும் போனது, உண்மையும் வரவில்லை. நீங்கள் கேட்கும் பேரத்தைச் செய்து பார்த்த இடம் சைப்ரஸ். 1963-64 மோதல்களிலும் 1974 போரிலும் காணாமல் போன 2,002 பேர், கிரேக்க சைப்ரியாட்கள் 1,510, துருக்கிய சைப்ரியாட்கள் 492. இரு தரப்பும் ஐ.நா.வும் சேர்ந்து 1981-ல் ஒரு குழு அமைத்தார்கள். யார் கொன்றார்கள், எப்படிச் செத்தார்கள் என்று அந்தக் குழு சொல்லவே கூடாது, எலும்பைக் கண்டுபிடித்து அடையாளம் கண்டு குடும்பத்திடம் ஒப்படைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அப்படி இருந்துமே முதல் கால் நூற்றாண்டு ஒன்றும் நகரவில்லை. 2006 வாக்கில் தோண்டத் தொடங்கிய பிறகு 1,000-க்கும் மேற்பட்டவர்கள் அடையாளம் காணப்பட்டார்கள். அண்டை வீட்டுக்காரர்களும் பழைய போராளிகளும் வாயைத் திறந்ததற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இன்னொரு வழி குவைத். 1990-91-ல் ஈராக் பிடித்துப் போனவர்களில் 605 பேருக்குக் கணக்கு வேண்டும் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைமையில் முத்தரப்புக் குழு அமைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பாதுகாப்புச் சபையின் தீர்மானங்களிலும் அதை விடாமல் சேர்த்தார்கள். சதாம் ஆட்சி விழுந்த பிறகுதான் ஈராக்கின் பாலைவனத்தில் புதைகுழிகள் கிடைத்தன. பலர் 1991-லேயே சுடப்பட்டிருந்தார்கள். ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை, ஆனாலும் குவைத் அரசு தன் மக்களிடம் ஒரு நாளும் மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை.

சுடர்விழி

இளவழகன், என் பதில்: விட்டுக்கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் உரிமை குடும்பங்களுடையது, அரசுடையது இல்லை. சைப்ரஸிலும் எலும்பு கையில் கிடைத்ததோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை, யார் கொன்றது என்று கேட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போன குடும்பங்கள் உண்டு. அது போதும் என்று இருந்தவர்களும் உண்டு. இருவரில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியலை வெளியிடுங்கள், முகாம் பதிவேடுகளைத் திறங்கள், சாட்சி சொன்ன பெண்களின் வாக்குமூலத்தை விசாரியுங்கள். இந்த மூன்றைச் செய்ய யாருக்கும் மன்னிப்பு கொடுக்கத் தேவையில்லை, எந்தச் சமாதானமும் இதனால் உடையாது. இதைச் செய்து முடித்த பிறகு ஒரு அரசு வந்து இனி எங்களால் முடியவில்லை என்று சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்பேன்.

அருள்

பதிவேடுகள் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன், சுடர்விழி. நான் அமைதி என்று சொன்னது எதிரியிடம் பேசும்போது. சொந்தக் குடும்பங்களிடம் அப்படி இருப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் விலை பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். மேற்கு சகாராவில் 1991-லேயே போர்நிறுத்தம் வந்துவிட்டது, மொராக்கோவிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிய பொலிசாரியோ இயக்கத்திடம் இருந்த கடைசி 404 மொராக்கோ வீரர்கள் விடுதலையானது 2005 ஆகஸ்டில். 20 வருடத்துக்கும் மேல் பிடியில் இருந்தவர்கள் அதில் இருந்தார்கள். அரசியல் தீர்வு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இரு பக்கமும் நினைத்ததால் போன வருடங்கள் அவை. ஒரு அரசு தன் கௌரவத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அந்த வருடங்களில் ஐந்தையாவது மிச்சம் பிடிக்க முடியும் என்றால், எதிரிக்குப் பணிந்துவிட்டார்கள் என்று நாம் கத்தாமல் இருக்க வேண்டும். நம் பங்கு அதுதான்.